கலக்காத எண்ணெய்

"ஏன் சார், உங்க வண்டியில புகை வருதா, இல்ல புகையில வண்டி வருதா?" என்று கேட்டுவிட்டு ஜன்னலைப் படாரென்று சாத்தினார் கீழ்வீட்டுக்காரர்.

கண்ணாடிக்கடைக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. அவரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவருடைய பழைய ஜப்பான் டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளைச் சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. வண்டி நிற்பதோ அந்த ஜன்னலுக்கு நேர் கீழே.

"சார்! கதவைத் திறங்க! இதோட சரித்திரம் தெரியுமா உங்களுக்கு? யுத்தத்துல எல்லாத்தையும் தொலைச்சு, சோத்துக்குத் தாளம் போட்டுக்கிட்டே ஜப்பான்காரன் செஞ்ச வண்டி சார்! அப்பல்லாம் பெட்ரோல்லயே எண்ணெய் கலக்கணும். கலக்கலேன்னா பிஸ்டன் ஒட்டிக்கிட்டு இன்ஜின் செத்துடும். அப்புறம்..."

"அப்புறம் என்ன?" ஜன்னல் லேசாகத் திறந்தது.

"என்ன நக்கலா?"

அவ்வளவுதான், கத்தல் ஆரம்பம். ஜப்பான்காரன் தனியாக ஒரு எண்ணெய்த் தொட்டியும் பம்ப்பும் வைத்து, கலக்கும் வேலையையே ஒழித்த கதை அதற்குப் பிறகுதான் வரும். இவர் வண்டியே அந்த ரகம்தான். ஆனால் கோபம் முந்திக்கொள்ளும், கதை அங்கேயே நின்றுவிடும்.

"அந்த 'அப்புறம்' நமக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து வரவே இல்ல" என்றாள் மனைவி மாடியிலிருந்து.

குடியிருப்புச் சங்கத்துக்குப் புகார் போனது. ஞாயிற்றுக்கிழமை தலைவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். புகைந்தால் வண்டி வெளியே. வேறு இடமில்லை, பழைய இரும்புக்காரனுக்குத்தான் போட வேண்டும்.

மெக்கானிக்கைப் பிடித்தார்.

"எண்ணெய் ஜாஸ்தியா போகுதுண்ணே. பம்ப்பைக் குறைச்சு வைங்க."

குறைத்தார். மறுநாள் புகை கூடியது.

"அப்ப சைலன்ஸர்ல கரிண்ணே. நெருப்பு காட்டிச் சுத்தம் பண்ணுங்க."

காட்டினார். கரியெல்லாம் பறந்து போய்க் கீழ்வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைகளில் உட்கார்ந்தது. புகை இன்னும் கூடியது.

"உங்க வண்டிக்கு உடம்பு ரொம்ப மோசம் சார்" என்றார் கீழ்வீட்டுக்காரர், பிசுக்குப் பிடித்த விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தபடி.

"உங்க வேலையைப் பாருங்க!"

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டறீங்க, கொஞ்சம் நிதானமாப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"நீயும் அவன் கட்சியா?" வெறி தலைக்கேறியது. "எண்ணெய்தானே பிரச்சினை? எண்ணெயே வேணாம், போ!" பம்ப்பின் குழாயைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்துவிட்டார். சனிக்கிழமை முழுக்க அப்படியே ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் உட்பட எல்லோரும் கூடினார்கள். கண்ணாடிக்கடைக்காரர் ஒரே உதையில் கிளப்பிக் கட்டடத்தைச் சுற்றி வந்தார். திரும்பி வந்தபோது தலைவரைக் காணவில்லை. புகைக்குள்ளிருந்து இருமல் மட்டும் கேட்டது.

"வண்டியை எடுத்துடுங்க" என்றது இருமல்.

கண்ணாடிக்கடைக்காரர் மெக்கானிக் மீது பாய்ந்தார். "நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா? உன்னால என் வண்டி போச்சுடா, பாவி!"

மெக்கானிக் குனிந்து பார்த்தான். தொங்கும் குழாயைக் கண்டதும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ, எப்பண்ணே கழட்டினீங்க?"

"வெள்ளிக்கிழமை!"

"அப்பலேர்ந்து சொட்டு எண்ணெய் உள்ள போகலியே! நேத்தே பிஸ்டன் ஒட்டி இன்ஜின் செத்திருக்கணுமேண்ணே. எதுல ஓடுது இது? இவ்வளவு புகை எங்கேர்ந்து வருது?"

பெட்ரோல் டேங்க் மூடியின் பூட்டு போய்ப் பல வருஷமாகிவிட்டது என்பது கண்ணாடிக்கடைக்காரருக்கு ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.

கீழ்வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "நான்தான் சார். புகை நிக்கட்டுமேன்னு தினம் காலையில டேங்க்ல எண்ணெய் ஊத்தறேன். புகை கூடக்கூட அளவையும் கூட்டினேன். கலக்கலேன்னா செத்துடும்னு நீங்கதானே சொன்னீங்க? ஆமா... அப்புறம் என்ன சார்?"