சரிக்கட்டிய முப்பத்தெட்டு வண்டிகள்

அன்பு மருமகளுக்கு அத்தை எழுதுவது. இறைவன் அருளால் இங்கே எல்லாம் நலம், என் மானம் ஒன்றைத் தவிர.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் இருந்தவர்கள்: நகராட்சி என்ஜினீயர், குறிப்பெடுத்த பெண், சலவைக் கடைக்காரர், மாடி வீட்டு ஆஸ்துமா டீச்சர், உன் மாமா, நான். ஆக ஆறு பேர்.

நான் வண்டி எண்ணிய நோட்டை வைத்து நீ கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்த புகைக் கணக்கை என்ஜினீயர் படித்தார். எங்கள் தெருவில் வண்டிகள் தேங்குவதே இல்லையாம், புகை நிற்பதே இல்லையாம், அதனால் திங்கள் முதல் லாரிகளையும் இப்படியே திருப்பிவிடலாமாம். டீச்சர் இருமிக்கொண்டே எழுந்தார். இருமல் விடாமல் மறுபடி உட்கார்ந்தார். "நான் தேய்ச்சு மாட்டுற வெள்ளைச் சட்டை சாயங்காலத்துக்குள்ள சாம்பல் சட்டையாயிடுது. நீங்க சொல்ற காத்து எந்தத் தெருவுலங்க அடிக்குது?" என்றார் சலவைக் கடைக்காரர். என்ஜினீயர் என் நோட்டைத் தூக்கிக் காட்டினார். "முப்பது நாள்! உள்ளே வந்த வண்டி, வெளியே போன வண்டி, ஒரு நாள்கூடக் கணக்கு இடிக்கலை. இந்த அம்மா கணக்குக்கு முன்னாடி உங்க சட்டை என்னய்யா சட்டை!" குறிப்பெடுத்த பெண்ணும் உன் மாமாவும் கைதட்ட, நான், வெட்கங்கெட்டவள், எழுந்து கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஜன்னலில் உட்கார்ந்து மணிக்கொரு தரம் உள்ளே எத்தனை, வெளியே எத்தனை என்று எழுதச் சொன்னாய். முதல் நாளே சாயங்காலம் ஒரு மணி நேரத்தில் உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு, வெளியே நூற்று எழுபத்துநாலு. முப்பத்தெட்டு உதைத்தது. பிரார்த்தனையில் கண்ணை மூடியிருந்தபோது போயிருக்கும், என் தப்புதான் என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வெளியே போனதில் முப்பத்தெட்டைச் சேர்த்துச் சரிக்கட்டினேன். அப்புறம் தினமும் இதே வேலை. உன் மாமா இப்போது சொல்கிறார்: "அடிப் பாவி, அந்த முப்பத்தெட்டும் நம்ம வாசல்லதானே நின்னு ஹாரன் அடிச்சுது! அதைத்தானே நம்ம மருமக கேட்டா!"

எந்த நாள் எத்தனை சேர்த்தேன் என்று கடைசிப் பக்கத்தில் குறித்திருக்கிறேன். தப்பு செய்தாலும் தேதி போட்டுத்தான் செய்வேன். அதன் நகல் இத்துடன். நீ சத்தமில்லாமல் கணக்கைத் திருத்தி, கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லிவிடு. இது நமக்குள் இருக்கட்டும். தெய்வம் உன்னை நோய்நொடியில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
அத்தை

பி.கு.: மனசு கேட்கவில்லை. சலவைக் கடையில் சொல்லி அழுதுவிட்டேன், தெருவுக்கே தெரிந்துவிட்டது. என்ஜினீயரிடமும் போய் ஒப்புக்கொண்டேன். "முதல் கணக்கை நம்பி ஏமாந்தேன், ரெண்டாவதை எப்படிம்மா நம்புறது? கம்ப்யூட்டர்ல போட்டுக்கொடுத்தவங்களே தப்புன்னு எழுதித் தரட்டும்" என்கிறார். லாரிகள் வரும் திங்களுக்குள் உன் கடிதம் அவருக்கு வரவேண்டும். சீக்கிரம் பதில் போடு.