கதவைத் தட்டினது நீயோ, உவனோ?

இயேசு மரி சூசை துணை

குருநகர்,
செவ்வாய்க்கிழமை காலமை.

மதிப்புக்குரிய தம்பி சூசைதாசன் அவர்களுக்கு,

தங்கள் தமக்கை யோசப்பின் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையினாலே நாங்கள் எல்லோரும் இன்னும் உலகத்திலேதான் இருக்கிறோம். உலகமும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கொழும்புத்துறைப் பக்கமும் அவ்விதமே இருக்கும் என்று நம்புகிறேன். தாங்களும் தங்கள் மனைவி மேர்சியும் தேக சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறேன். ஒன்பது வருசத்துக்குப் பிறகு எழுதுகிறபடியால் மரியாதைக்குத் தாங்கள் என்று தொடங்கினேன். ஆனால் உன்னை இடுப்பிலை காவித் திரிஞ்சவள் நான், உது கடுதாசி முடியுமட்டும் எனக்கு வராது. இனி நீ எண்டுதான் எழுதப்போறன்.

ரெண்டு கட்டை தூரத்துக்கு அங்காலை இருக்கிறவனுக்கு முத்திரை ஒட்டிக் கடுதாசி போடுறாளே எண்டு நீ சிரிப்பாய். சிரி. போனிலை கதைக்கலாம்தான், ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் ஒருத்தற்றை குரலையும் நம்புறதில்லை. ஆற்றை குரலையும் ஆரும் எடுக்கலாம். எழுத்தை எடுக்கேலாது. நான் படிச்சது ஐஞ்சாம் வகுப்பு மட்டும்தான் எண்டாலும், கன்னியாஸ்திரி அம்மா என்ரை கொப்பியைத் தூக்கி வகுப்பு முழுக்கக் காட்டி, "எழுத்தெண்டால் இது" எண்டு சொன்னவ. என்ரை எழுத்தை ஆயிரம் எழுத்துக்கை வைச்சாலும் நீ கண்டு பிடிப்பாய். உன்ரை கோழிக் கிறுக்கலை நானும் பிடிப்பன். ஆனபடியால் இதுக்கு மறுமொழியை உன்ரை கையாலை எழுதி அனுப்பு. நான் கேக்கிறது ஒரேயொரு கேள்வி. போன வெள்ளிக்கிழமை பகல் பதினொண்டரைக்கு என்ரை கதவைத் தட்டினது நீயோ, உவனோ? உவன் ஆரெண்டு உனக்கு விளங்கும். பேர் எழுதமாட்டன், மேசையிலை மாதா சுரூபம் இருக்குது.

நடந்ததை நடந்தபடி சொல்லுறன். இத்தாலியிலை இருக்கிற எங்கடை செபநாயகத்தின்ரை பெண்சாதி ரெண்டு கிழமைக்கு முந்தி ஒரு குரல் அனுப்பினவள், பேத்தி ஜெனிற்றா தன்ரை போனிலை போட்டுக் காட்டினவள், நான் ஏழு தரம் கேட்டனான். ஆரோ ஒரு மனுசன், நல்ல இடிமுழக்கக் குரல், வெள்ளிக்கிழமை பகல் சூரியன் நூந்து போகும், மூண்டு நாள் உலகம் முழுக்க இருட்டு, கறண்ட் லைற் ஒண்டும் எரியாது, மந்திரிச்ச தேன்மெழுகுதிரி மட்டும்தான் எரியும், கதவு யன்னலைப் பூட்டிப்போட்டு முழங்காலிலை நிக்கவேணும், வெளியிலை எட்டிப் பாத்தவன் பாத்த இடத்திலையே செத்துப்போவான், பிசாசுகள் வந்து எங்கடை சொந்தக்காரற்றை குரலிலை கூப்பிடும், அழும், கெஞ்சும், ஆர் எண்டாலும் திறக்கக்கூடாது எண்டு சொன்னான். கேக்கக் கேக்க எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுது. எங்கடை பாதர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலை, "உந்த விசர்க்கதையை, பயித்தியக் கதையை நம்பாதேங்கோ, இப்பிடி எத்தினை வெள்ளிக்கிழமை வந்து போட்டுது" எண்டவர். பாதர் நல்லவர், ஆனால் வயசு முப்பத்திரண்டு. அவர் ஒரு உலக முடிவையும் வடிவாய்க் கண்டதில்லை. நாங்கள் எத்தினையைக் கண்டனாங்கள், வானத்தாலை குண்டாய் ஒண்டு, கடலாலை அலையாய் ஒண்டு. பூசை முடிய அதே பாதரிட்டைத்தான் சனமெல்லாம் மெழுகுதிரியைக் கொண்டுபோய் நீட்டிச்சுது, அவரும் பாவம், மந்திரிச்சுக் குடுத்தவர். சந்திக்கடைச் சோமசேகரம் இருக்கிறாரெல்லே, நெத்தி நிறையத் திருநீறு, அவரும் மெல்லமாய், "அக்கா, எங்கடை வீட்டுக்கும் மந்திரிச்சது ஒண்டு கிடைக்குமே, பிள்ளையார் குறை நினைக்கமாட்டார்" எண்டு கேட்டு வாங்கிப்போட்டு எனக்கு ரெண்டு தேங்காய் தந்தவர்.

என்னட்டை மாசித் திருநாளிலை மந்திரிச்ச மெழுகுதிரி ஏழு இருந்தது. அதிலை ஒண்டை உனக்கெண்டு எடுத்து மேசை லாச்சிக்குள்ளை வைச்சனான். உண்மையைச் சொல்லுறன். ஆனால் அனுப்பேல்லை. நீ வந்து கேக்கட்டும் எண்டிருந்தன். உலகம் முடியுது, அப்பவும் நான்தானே முதல் இறங்கவேணும் எண்டு ஒரு நினைப்பு.

வெள்ளிக்கிழமை விடிய எல்லாம் சரியாய்த்தான் இருந்தது. மகன் சுரேஸ் காங்கேசன்துறைக்கு வேலைக்குப் போட்டான். "அம்மா, உலகம் முடிஞ்சால் ஒரு கோல் அடியுங்கோ" எண்டு நக்கல் அடிச்சுக்கொண்டு போனவன். பத்து மணி போலை கறண்ட் நிண்டுது. நான் யன்னலைச் சாத்த முந்திக் கடைசியாய் ஒருக்கால் கடலைப் பாப்பமெண்டு போனன். தம்பி, நான் பாத்ததை எப்பிடி எழுதிறதெண்டு தெரியேல்லை. தெற்காலை வானம் அடிச்சட்டிக் கரி மாதிரிக் கறுத்து மெல்ல மெல்ல இறங்கி வருது. எங்கடை கடல் எந்த நாளும் ஏதாவது ஒண்டு சொல்லிக்கொண்டிருக்கிற கடல், அண்டைக்கு வாயைப் பொத்திக்கொண்டு நிண்டுது. ஒரு சின்ன அலை இல்லை. வள்ளங்கள் எல்லாம் கண்ணாடிக்கு மேலை அடுக்கி வைச்ச மாதிரி, ஒவ்வொண்டுக்கும் கீழை இன்னொரு வள்ளம் தலைகீழாய்த் தெரியுது. கொக்குகள் நிரையாய்க் கோயில் பக்கம் போச்சுதுகள். கோழிகள் கூட்டுக்கை ஏறிட்டுதுகள். ஒழுங்கை முகப்பிலை வெயிலிலை வேலை செய்யிற லைற் ஒண்டு பூட்டியிருக்கெல்லே, அது பட்டப்பகலிலை தன்ரைபாட்டிலை பத்திச்சுது. காத்தில்லை, நாய் குரைக்கேல்லை, குழந்தை அழேல்லை. நான் பயப்பிடுவன் எண்டுதான் நினைச்சிருந்தன். பயம் வரேல்லை தம்பி. முழங்காலிலை நிக்கவேணும் போலை இருந்தது. உலகம் முடியேக்கை இவ்வளவு வடிவாயிருக்கும் எண்டு அந்தக் குரல்காரன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அப்ப எனக்கு அம்மான்ரை ஞாபகம் வந்தது, என்ரை மனுசன், இவற்றை ஞாபகம் வந்தது, உன்ரை ஞாபகமும் வந்தது. பிறகு பாத்தது போதும் எண்டு யன்னலைச் சாத்திக் கொழுக்கி போட்டன்.

நானும் ஜெனிற்றாவும் மெழுகுதிரியைக் கொழுத்தி மூண்டாம் பத்துச் செபமாலைக்கு வரேக்கை மழை கொட்டத் தொடங்கிச்சுது, ஓட்டிலை கல்லுக் கொட்டிற மாதிரி. அதுக்கை கதவிலை டக் டக் டக். "அக்கா!" எண்டு ஒரு குரல். உன்ரை குரல், அச்சொட்டாய் உன்ரை குரல். ஜெனிற்றா எழும்பி ஓடினாள், நான் அவளின்ரை சட்டையைப் பிடிச்சு இழுத்தன். "அப்பம்மா, அது சூசைத் தாத்தா, இருமலைக் கேளுங்கோ" எண்டாள். "இருமலையும் பழகியிருக்கும், இரு" எண்டன். போன மாதம் இவள்தானே எனக்குச் சொன்னவள், இப்ப மெசினாலை ஆற்றை குரலையும் செய்யலாமெண்டு. மனுசன் செய்யேக்கை உவன் செய்யமாட்டானே? நான் கதவிடுக்கிலை வாயை வைச்சு, "நீ சூசையெண்டால் என்ரை மனுசன்ரை பேரைச் சொல்லு" எண்டன். "ஏன், உனக்குத் தெரியாதே?" எண்டுது. "நான் சொல்லமாட்டன், நீ சொல்லு" எண்டன். சொல்லிச்சுது. முழுப் பேரையும், அத்தான் எண்டும் சேத்து. பிறகுதான் யோசிச்சன், உவனுக்கு எல்லாற்றை பேரும் தெரியுமே எண்டு.

அதுக்குப் பிறகு அந்தக் குரல் சொன்னதுதான் என்னை உலுப்பிப்போட்டுது. "அக்கா, உலகம் முடியுதெண்டு சொல்லுறாங்கள். முடியுதோ இல்லையோ, அந்தப் பேர் விசயத்திலை பிழை என்னிலைதான். நான்தான் பாத்துச் செய்திருக்கவேணும். மன்னிச்சுக்கொள்" எண்டுது. அந்த இடத்திலை எனக்குச் சந்தேகம் துண்டாய் அற்றுப்போச்சுது. இது என்ரை தம்பி இல்லை. என்ரை தம்பிக்கு வயசு அறுபத்தெட்டு, பிறந்ததிலிருந்து பிழை என்னிலைதான் எண்டு ஒரு நாளும் சொன்னதில்லை. சின்னனிலை கிணத்துக்கை வாளியை விழுத்திப்போட்டு, கிணறு பிடிச்சு இழுத்தது எண்டவன் நீ. ஆனபடியால் நான் விசுவாசப் பிரமாணத்தைச் சத்தமாய்ச் சொல்லிக்கொண்டு கதவுக்கு மேலை இருக்கிற காத்தோட்டக் கல்லு ஓட்டையாலை தீர்த்தத்தை வெளியிலை எத்தினன். போத்தில் முடிஞ்சுது. "ஐயோ அக்கா" எண்டு சத்தம் வந்துது, அப்ப வேலை செய்யுது எண்டு விளங்கிச்சுது. பிறகு உப்பு. பிறகு குசினியிலை கருவாடு ஊறப்போட்ட தண்ணி ஒரு சட்டி இருந்தது, அதுக்கும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லித்தான் ஊத்தினனான். "விசரே உனக்கு! ஒன்பது வருசமாய் விசர், இப்ப முத்திப்போச்சு!" எண்டு கத்திப்போட்டு, என்னவோ படியிலை வைச்ச சத்தம், வாசல் படலை சாத்தின சத்தம், போயிட்டுது.

அந்த "விசரே" தான் என்னை நித்திரை கொள்ள விடுகுதில்லை. அது உன்ரை "விசரே". அதிலை உன்ரை இழுவை இருந்தது.

ஒண்டரை மணிக்கு மழை விட்டு, சுவரோட்டையாலை வெயில் வந்து சுரூபத்தின்ரை காலடியிலை விழுந்தது. கறண்ட் வந்து காத்தாடியும் சுத்தத் தொடங்கிச்சுது. "முடிஞ்சுது அப்பம்மா, திறப்பம்" எண்டாள் ஜெனிற்றா. குரலை எடுக்கிறவனுக்கு வெயிலை எடுக்கத் தெரியாதோ எண்டு நான் விடேல்லை. மூண்டு நாள் எண்டால் மூண்டு நாள். பின்னேரம் சுரேஸ் வந்து தட்டினவன், அவனுக்கும் திறக்கேல்லை. தன்ரை மாமி வீட்டை போய் மூண்டு நாளும் இருந்து, கன்னம் கொழுத்து வந்திருக்கிறான். திங்கக்கிழமை பகல்தான் கதவைத் திறந்தன். படியிலை ஒரு நீலப் பை. நான் தொடேல்லை. சுளகாலை மூடி, உப்பைத் தூவி, மேலை குருத்தோலைச் சிலுவை வைச்சிருக்கிறன். ஆனால் தம்பி, ஒரு அதிசயம், அந்தப் பையைச் சுத்தி மூண்டு பூனை ஆடாமல் அசையாமல் நேத்துத் தொடக்கம் குந்திக்கொண்டிருக்குது, ஆராதனையிலை இருக்கிற மாதிரி. நான் அதுகளைக் கலைக்கேல்லை.

இப்ப என்ரை இக்கட்டு உனக்கு விளங்குதே? வந்தது உவன் எண்டால், நான் செய்தது சரி, ஆனால் நீ இன்னும் என்னட்டை மன்னிப்புக் கேக்கேல்லை. வந்தது நீ எண்டால், நீ மன்னிப்புக் கேட்டாச்சு, ஆனால் நான் உன்னிலை கருவாட்டுத் தண்ணி ஊத்தினனான், அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கவேணும். தீர்த்தத்துக்குக் கேக்கமாட்டன், அது உனக்கு நல்லதுதான். எதெண்டு தெரியாமல் நான் என்னத்தைச் செய்ய?

பழசைக் கிளறுறாள் எண்டு நினையாதை. அம்மா செத்தநேரம் பேப்பருக்குக் குடுக்கிற மரண அறிவித்தலுக்குப் பேரெல்லாம் நான்தான் இருந்து எழுதித் தந்தனான், பிள்ளையள், மருமக்கள், பேரப்பிள்ளையள் எண்டு நிரை நிரையாய். நீ செய்தது கொண்டுபோய்க் குடுத்தது மட்டும்தான். பேப்பரிலை பாத்தால் மருமக்களுக்கை உன்ரை மேர்சி இருக்கிறாள், உன்ரை அத்தான்ரை பேர் இல்லை. அம்மாவைக் கடைசி ரெண்டு வருசமும் கதிரையோடை தூக்கி வெயிலிலை இருத்தினவர் அவர். அந்தப் பேப்பரைப் பாத்துப்போட்டு நாலாய் மடிச்சு வைச்சவர். "நீ தந்ததைத்தான் குடுத்தனான் அக்கா" எண்டு நீ சொன்னது இண்டைக்கும் என்ரை காதிலை நிக்குது. கட்டினவள் எழுதாமல் விடுவாளே? இவர் மோசம் போய்ச் செத்தவீடு நடந்தநேரம் நீ எதிர்ப்பக்க வேம்பின்ரை கீழை நிண்டனி, நான் கண்டனான். வா எண்டு சொல்லேல்லை. அதுவும் மூண்டு வருசமாய் நெஞ்சுக்கை கிடக்குது.

ஆனபடியால் நீதான் வந்தனி எண்டால், "பிழை என்னிலைதான்" எண்டு ஒரு துண்டிலை எழுதிக் கையெழுத்து வைச்சு அனுப்பு. கண்ட உடனை நான் கருவாட்டுத் தண்ணிக்கு முறையாய் மன்னிப்புக் கேட்டுக் கடுதாசி போடுவன். லாச்சிக்கை இருக்கிற மெழுகுதிரியும் உனக்குத்தான். உன்ரை இருமலுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடி. மேர்சிக்கு என்ரை அன்பைச் சொல்லு. உலகம் முடியாமல் விட்ட ஆண்டவர் உங்கள் ரெண்டு பேரையும் நோய் நொடியில்லாமல் காக்கட்டும். அவர் அடுத்த தரம் முடிக்க நினைச்சாலும் அண்டைக்கும் இவ்வளவு வடிவாய் முடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன்ரை அக்கா
யோசப்பின்

பி.கு.: உறையை ஒட்ட முந்தி ஜெனிற்றா பூனையளைக் கலைச்சுப்போட்டுப் பையைத் திறந்திட்டாள். உள்ளுக்கை ரெண்டு பாரைக் கருவாடு. பிறகு மந்திரிச்ச மெழுகுதிரியிலை பாதி, கத்தியாலை வெட்டினது. மற்றப் பாதி உன்ரை வீட்டிலை இருக்கும். அடியிலை கண்ணாடிப் பேப்பருக்கை சுத்தின ஒரு கொப்பித் தாள். என்ரை எழுத்து தம்பி. அம்மான்ரை அறிவித்தலுக்கு நான் எழுதித் தந்த தாள். "மருமக்கள்: மேர்சி, இவர்" எண்டு கிடக்குது. இவர் எண்டு எழுதியிருக்கிறன், முத்து முத்தாய். பேப்பர்காரன் இவர் எண்டு ஒருத்தரைக் காணாமல் வெட்டிப்போட்டான். கட்டின நாள் தொடக்கம் அந்தப் பேரை நான் சொன்னதுமில்லை, எழுதினதுமில்லை, கை தன்ரைபாட்டிலை அப்பிடி எழுதிப்போட்டுது. ஜெனிற்றா விழுந்து விழுந்து சிரிச்சாள், பிறகு என்ரை முகத்தைப் பாத்திட்டு நிப்பாட்டினாள். இதை ஒன்பது வருசம் வைச்சிருந்தும் நீ ஒருத்தருக்கும் காட்டேல்லை. இதைக் கையிலை வைச்சுக்கொண்டு, மழைக்கை நிண்டு, பிழை என்னிலைதான் எண்டாய். உவனுக்கு இது வராது. வந்தது நீதான்.

மேலை எழுதினதெல்லாத்தையும் கிழிச்சு அடுப்பிலை போடு. துண்டும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மேர்சியையும் கூட்டிக்கொண்டு வா, கதவு திறந்துதான் கிடக்கும். அடுத்த வருசம் அம்மான்ரை பத்தாம் ஆண்டு நினைவு வருது, பேப்பருக்குக் குடுக்கவேணும். பேரெல்லாம் நான்தான் எழுதுவன். இப்பவே எழுதிப் பாக்கிறன், சரியோ எண்டு பார். மூத்த மருமகன் முதல்லை வரவேணும்.

மருமக்கள்: லெனாட், மேர்சி.

கடைசி எழுத்துக் கொஞ்சம் சரிஞ்சு போச்சுது. பழக்கமில்லாத பேர்.