பாதி விலைக்கு மூன்று ‘அது’

விருத்தாசலம்
4.8.2005

அன்புள்ள மைத்துனர் ராஜ்மோகனுக்கு,

பாலகிருஷ்ணன் எழுதிக்கொண்டது. இங்கு நான், உன் அக்கா அம்சவல்லி, மகள் துர்கா மூவரும் இந்த நிமிஷம் வரை நலம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் நலமாக இருப்போமா என்பது உன் பதிலைப் பொறுத்தது. உங்கள் நலத்தை அடுத்த கடிதத்தில் விசாரிக்கிறேன்; இப்போது அதற்கு மனநிலை இல்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போன், நீ வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஒயர்தான் போகிறது என்று துர்கா சொன்ன நாளிலிருந்து நான் போனில் முக்கியமான எதையும் பேசுவதில்லை.

விஷயம் இதுதான். நீ இருக்கும் சென்னையில் ஒரு கம்பெனி துர்காவைத் திங்கட்கிழமை இன்டர்வியூவுக்கு அழைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் விளையாட்டுகள் கடைக்குப் போகும் முன்பு அவற்றை ஆடிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. இங்கே செராமிக் தொழிற்பேட்டையில், சூளையிலிருந்து இறங்கும் ஜாடியையும் பியூஸ் கேரியரையும் விரலால் தட்டி, கணீர் என்றால் பாஸ், டொக் என்றால் கழிவு என்று ஒதுக்கும் வேலையை நான் இத்தனை வருஷமாகப் பார்த்துவருவது உனக்குத் தெரியும். ஒரே வீட்டில் இரண்டு பேர் தப்பு கண்டுபிடித்தால் குடும்பம் தாங்குமா என்பது தனிக் கேள்வி, அதை விட்டுவிடுவோம். அந்தக் கம்பெனி தயாரிப்பதெல்லாம் ‘அது’ வருகிற விளையாட்டுகள். எது என்று கேட்காதே. இன்று ஆடி அமாவாசை. அந்தப் பெயரை நான் நல்ல நாளிலேயே எழுதுவதில்லை. பழைய ‘அது’ விளையாட்டுகளில் என்னென்ன குறை என்று இன்டர்வியூவில் கேட்பார்களாம். “ஆடிப் பாக்காம என்னத்தப்பா சொல்றது? முழிச்சிக்கிட்டு நின்னுட்டு வரவா?” என்கிறாள்.

பாலக்கரையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ராஜாங்கம், அதை செல்போன் கடையாக மாற்றப் போகிறார். அதற்காகப் பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறார். துணிக்கும் எவர்சில்வருக்கும்தான் ஆடித் தள்ளுபடி என்று இத்தனை காலம் இருந்துவிட்டேன். ‘அது’வுக்கும் உண்டு என்று அவர் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதம் தெரிவித்தது. மூன்று சிடி, ஒரே பெட்டி, பாதி விலை, ஞாயிறு வரை. துர்கா கூப்பிட்டாள் என்று போய் நின்றேன். பெட்டியின் மேல் ஒரு பங்களா. அதன் மாடி ஜன்னலில் வெள்ளைத் துணியில் ஒருத்தி. போட்டோவுக்கு நிற்கும்போதாவது தலையை வாரியிருக்கலாம். நான் இடது பக்கம் நகர்ந்தேன், என்னையே பார்த்தாள். வலது பக்கம் வந்தேன், அப்போதும்.

“மூணுமே கிளாசிக் சார்,” என்றார் ராஜாங்கம்.

“கிளாசிக்னா?”

“பழசு சார். ஆனா இப்ப வர்றதெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது. இத ஆடிட்டு ஒருத்தரு ஒரு வாரம் கொல்லப் பக்கமே போவல.”

மச்சான், இதை அவர் சிபாரிசாகச் சொன்னார்.

“அப்புறம் ஏன் பாதி வெலைக்குக் குடுக்கறீங்க?”

“யாரும் வாங்கல சார். மூணு வருஷமா இந்தப் பொட்டியிலயேதான் கெடக்குது.”

மூன்று வருஷம் ஒரு அட்டைப்பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தது எந்த மனநிலையில் வெளியே வரும் என்று யோசித்துப் பார். தவிர, பாதி விலை என்றால் என்ன அர்த்தம் என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் நம் ஊர்க்காரனுக்குத் தெரியும். செகண்ட்ஸ். விரிசல் விட்ட சரக்கு. நான் வெளியூர் போயிருந்தபோது உன் அக்கா பாதி விலைக்கு ஒரு ஜாடி வாங்கி மாங்காய் ஊறுகாய் போட்டாளே, அதன் எண்ணெய் ஜாடியை விட்டு, அலமாரியை விட்டு, அரிசி மூட்டை வரை வந்தது நினைவிருக்கும். விரிசல் ஜாடியிலிருந்து எண்ணெய் வரும். விரிசல் சிடியிலிருந்து என்ன வரும்? அந்த ஊறுகாய்க்குப் பிறகுதான் நம் வீட்டில் சட்டம் வந்தது: புதிதாக வரும் எந்தச் சாமானும் நான் தட்டிப் பார்த்து, ஓசை சரி என்றால்தான் நிலைப்படி தாண்டும். குக்கர் அப்படித்தான் தாண்டியது, டி.வி. அப்படித்தான் தாண்டியது, நீ அனுப்பிய கம்ப்யூட்டரையும் தட்டிய பிறகே உள்ளே விட்டேன். ஆகவே கடையிலேயே முதல் சிடியை எடுத்துத் தட்டினேன். டொக். இரண்டாவது. டொக். மூன்றாவது அந்த ஜன்னல்காரியுடையது. டொக். “சார், சார், அது பிளாஸ்டிக்கு, அப்படித்தான் சத்தம் வரும்,” என்று பதறினார் ராஜாங்கம். விரிசல் சரக்கைத் திருப்பும்போது எல்லாரும் இப்படி ஒரு காரணம் வைத்திருப்பார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். துர்கா மூன்று சிடிகளையும் பெட்டியில் திரும்ப அடுக்கிவிட்டு வந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வரை கூடவே நடந்து வந்தாள். கடையில் பட்ட பயம் ஒரு பங்கு என்றால் அந்த நடை மூன்று பங்கு.

மறுநாள் வேலையில் தட்டியதெல்லாம் டொக் என்றே கேட்டது. கூட வேலை பார்க்கும் தங்கராசு ஓடிவந்து, “என்னாண்ணே, எல்லாத்தையும் கழிச்சிக் கட்டுறீங்க? மொதலாளி நம்மளையும் சேத்துக் கழிச்சிடுவாரு!” என்று கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினேன். இதற்கு மேல் தாங்காது என்று சாயங்காலம் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். குறையை மனுவாக எழுதிப் பிராது கட்டிவிட்டால் முருகனே விசாரித்துத் தீர்ப்பார் என்பது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு முன்னால் ஆடு காணாமல் போனதற்காகப் பிராது கட்ட வந்த பெரியம்மாள் என்ற அம்மா நின்றிருந்தார்.

“நீங்க யாரு மேலங்க?” என்று கேட்டார்.

பெயரைச் சொல்ல முடியாதே. “ஒரு பொம்பள மேல,” என்றேன்.

“என்னா பண்ணா?”

“இன்னும் ஒண்ணும் பண்ணல. எங்க வூட்டுக்கு வந்துடுவாளோன்னு பயமா இருக்குது.”

அந்த அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “வூட்டுல சம்சாரத்துக்குத் தெரியுமா?” என்றார்.

பிராது கட்டாமலே திரும்பினேன். அந்த அம்மாவுக்குக் கருவேப்பிலங்குறிச்சியாம். உன் சித்தி வீட்டுக்கு அடுத்த வீடு; எங்கள் கல்யாணத்தில் என்னைப் பார்த்திருக்கிறாராம். நான் பஸ் பிடித்து வந்து சேரும் முன்பே செய்தி போன் வழியாக வந்து சேர்ந்துவிட்டது. உன் அக்கா வாசலிலேயே நின்றாள். “யாரோ ஒருத்தி இங்க குடி வரப் போறாளாமே?” என்றாள். ராஜாங்கம் கடையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அந்த ஜன்னல்ல நிக்கறவளா? வரட்டும். ரெண்டு கொடம் தண்ணியாவது புடிச்சிக் குடுப்பா.” சிரிப்பு அடங்கிய பிறகு ஒன்று சொன்னாள்: “உங்களுக்குப் பேயி மேல பயம் இல்லைங்க. பொண்ணு மெட்ராஸுக்குப் போயிடுவாளேன்னு பயம்.” அமாவாசைக்கு முந்தின நாள், விளக்கு வைக்கிற நேரம், அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்னாள். நீயே பார்த்துக்கொள். அவள் சொன்னது சுத்தத் தவறு. எனக்கு இருப்பது ஜன்னல்காரி மேலுள்ள பயம் மட்டும்தான். துர்கா போய்விட்டால் சாயங்காலம் கேட்டில் சைக்கிள் முட்டும் சத்தம் கேட்காது, அவ்வளவுதான். அதையெல்லாம் பயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே மச்சான், வாங்கலாமா வேண்டாமா என்று உடனே கூரியரில் எழுது. வேண்டாம் என்று எழுதினால் மிகவும் சந்தோஷம். முடிந்தால் துர்காவைப் போனில் கூப்பிட்டு, அந்தக் கம்பெனி அவ்வளவு சரியில்லை என்று நீயாகச் சொல்வதுபோல் சொல். மாமா சொன்னால் கேட்பாள். உன் மனைவிக்கு என் விசாரிப்புகள். குழந்தைகளுக்கு எங்கள் ஆசி. அவர்களைக் கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் படுக்க வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
விளக்கை அணைக்காமல் தூங்கும்,
பாலகிருஷ்ணன்

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை): மேலே உள்ளதைத் தபாலில் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்துவிட்டேன். திரும்ப எழுதச் சோம்பல்பட்டு அப்படியே அனுப்புகிறேன். கேட்டது எதையும் செய்யாதே. சனிக்கிழமை வேலை முடிந்து வந்தால், நிலைப்படிக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி. ராஜாங்கத்திடம் சொல்லி எடுத்து வந்த துர்கா, என் விரல் படாமல் உள்ளே கொண்டுபோக மனமில்லாமல் படியில் உட்கார்ந்திருந்தாள். “தட்டிப் பாருங்கப்பா. வாணான்னா திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன்.” தட்டினேன். டொக். “பாஸ்,” என்றேன். என் சர்வீஸில் டொக் என்ற சாமானைப் பாஸ் செய்தது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அவள் ஆட, நான் பக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு துணைக்கு உட்கார்ந்திருந்தேன். ஜன்னல்காரி மாடிப்படி இறங்கினாள். “மரப்படின்னு சொன்ன, சத்தம் கல்லு மாரி கேக்குது?” என்றேன், கண்ணைத் திறக்காமலே. “அத நேத்தே கடையில போட்டுப் பாத்தப்ப கேட்டுட்டேம்பா,” என்றாள். இன்டர்வியூவிலும் அதைத்தான் முதலில் சொன்னாளாம். வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் சேர வேண்டும். உன் வீட்டில்தான் தங்குவாள். மாடி ஜன்னலுள்ள அறையாக வேண்டாம்.

இன்னொன்று. போகும்போது சிடிகளை எடுத்துப் போகிறேன் என்கிறாள். விட்டுவிட்டு வா என்று நீ சொல். உன் அக்காவும் ஆட ஆரம்பித்து, அந்தப் பங்களாவின் மூன்றாவது அறையில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று காரணம் சொல்லலாம், உண்மையும் அதுதான். நான் கேட்டதாகச் சொல்லாதே. துர்கா போன பிறகு, சைக்கிள் வருகிற நேரத்துக்கு, அந்தப் படியில் யாராவது இறங்குகிற சத்தமாவது வீட்டில் கேட்கட்டும்.