நீ அனுப்பிய கம்பி அறவில்லை, மச்சான்

தமன்ராசெத்,
வியாழன், அந்தி மக்ரிப் தொழுகைக்குப் பின்.

லியோன் நகரத்துக் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும் என் தாய்மாமன் மகன் கெனானுக்கு, ராய்ஷா எழுதுவது.

ஒரு கிட்டாரின் ஆறு கம்பிகளும் அறாமல் இருந்து, கிட்டாரே உடைந்துபோனால், வாசித்தவன் பந்தயத்தில் ஜெயித்தானா, தோற்றானா? எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் பள்ளியில் வேதியியல் நடத்தியும் தெரியவில்லை. இந்த ஊரில் மற்ற எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்பதுதான் எனக்கு அதிர்ச்சி.

முறைப்படி விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிடுகிறேன். உன் உடம்பு எப்படி, உன் வீடு எப்படி, உன் களைப்பு எப்படி, அங்குள்ள மழை எப்படி? எல்லாவற்றுக்கும் ‘நலம்தான்’ என்று நீ பதில் சொன்னதாக எடுத்துக்கொள்கிறேன். இங்கே நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீ. போனில் திட்டினால் அடுத்த அறையில் என் மகள் ஃபாதி காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள் என்பதால் எழுதுகிறேன்.

ஃபாதி அந்த அமஸ்தானைத்தான் கட்டுவேன் என்று நிற்பது உனக்குத் தெரியும். பையன் கெட்டவன் இல்லை. ஆனால் அவன் கிட்டார் வாசிக்கிற கல்யாணம் எதிலும் கம்பி அறாமல் இருந்ததில்லை. நல்ல பாட்டின் நடுவில் படீர் என்று ஒன்று போகும், உடனே ஆண்கள் எல்லாரும் அங்கியின் பைகளைத் துழாவுவார்கள், யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பியைப் பிரித்து ஓர் இழை கொடுப்பார், அதுவரை பெண்கள் மேளம் தட்டிச் சமாளிப்பார்கள். ஒரு கம்பியைக் காப்பாற்றத் தெரியாதவனிடம் மகளை எப்படிக் கொடுப்பது? ஃபாதியின் அப்பா உயிரோடு இருந்தால் அவர் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்றிருப்பார். எனக்கு அது வராது. அதனால் போன மாதம் எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, “ஒரு கல்யாணம் முழுக்கக் கம்பி அறாம வாசிக்கட்டும், பொண்ணைத் தர்றேன்” என்று சொல்லிவைத்தேன். மறுப்பதற்கு இதைவிட நாகரிகமான வழி இருக்க முடியாது என்று நினைத்தேன். அந்தச் செய்தி உனக்கு வந்து சேரும் என்று நினைக்கவில்லை. நீ பூச்சுப் பூசிய கம்பிப் பொட்டலத்தை அனுப்புவாய் என்று கனவிலும் நினைக்கவில்லை.

பொட்டலத்தில் எழுதியிருந்ததை நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு உண்டு, வியர்வையும் அழுக்கும் உள்ளே இறங்காது, நெடுநாள் உழைக்கும். படித்துவிட்டு, “இது துருவைத் தடுக்கும், அறுந்து போறதைத் தடுக்காது. இந்தப் பாலைவனத்துல துரு எங்க இருக்கு?” என்றேன். யாரும் கேட்கவில்லை. உன் அப்பா பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

“இது பாலிதீன் உறைடி. கடைக்காரன் மேல சுத்திக் கொடுத்திருக்கான். சுரண்டிட்டுத்தான் மாட்டணும்.”

“மாமா, அது உறை இல்ல. கம்பியோட சேர்ந்த பூச்சு.”

“எனக்கே சொல்றியா? மிட்டாயைக் காகிதத்தோட தின்பியா நீ?”

நான் தடுப்பதற்குள் கத்தியை எடுத்துத் தடித்த கம்பியின் நுனியைச் சுரண்டிவிட்டார். அது பூனை மீசை மாதிரி பிசிறு பிசிறாக நின்றது. உடனே பெண்கள் பக்கத்திலிருந்து, “புது போன்ல ஒட்டியிருக்கிற தாளை யாராவது உரிப்பாங்களா? விடுங்க பெரியவரே!” என்று ஒரு கூச்சல். பெண்கள் ஜெயித்தார்கள். மீதி ஐந்தும் பிழைத்தன.

இன்று பக்கத்து வீட்டுக் கெல்லாவின் கல்யாணத்தில், நம் வழக்கப்படி மணமக்களின் கூடாரத்தைப் பிரித்து இன்னும் பெரிதாகக் கட்டும் நாள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து அமஸ்தானின் வாசிப்பு ஆரம்பித்தது; இன்றும் நாளையும் அவன்தான் வாசிக்க வேண்டும். நான் வேண்டுமென்றே முன்வரிசையில் உட்கார்ந்தேன். கம்பி அறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்து போவதுதான் திட்டம். அங்கேதான் நான் ஒன்றை யோசிக்கவில்லை. மாமியாராக வரப்போகிறவளை எதிரில் கண்டதும் அந்தப் பையனுக்கு வெட்கம் பொத்துக்கொண்டு வந்து, நம் ஆண்கள் முகத்தைச் சுற்றி அணியும் அந்த முக்காட்டை மூக்குக்கு மேலே இழுத்தான், நான் இருமினேன், இன்னும் மேலே இழுத்தான், கண்ணும் மறைந்துவிட்டது. அந்த நிலையில் கம்பியை முறுக்க ஆரம்பித்தான். இந்த ஊரில் கம்பியை எவ்வளவு முறுக்குவது என்று யாரும் சுருதி பார்த்து முடிவுசெய்வதில்லை மச்சான், இதற்குமேல் போனால் அறும் என்று கம்பியே முனகும், அப்போது நிறுத்துவார்கள். நீ அனுப்பியது முனகவே இல்லை. அவன் முறுக்கிக்கொண்டே போனான். சுருதி ஏற ஏறப் பாட்டுக்காரிகளின் கழுத்து நரம்பு புடைத்தது. அவன் அக்காவே கத்தினாள்: “இறக்குடா பாவி! இந்த உசரத்துல பாட நான் என்ன வெள்ளாடா?” மாமியார் முன்னால் வாய் திறக்கக் கூடாது என்று அவன் தலையை மட்டும் ஆட்டினான். ஆட்டியபடியே இன்னொரு திருகு.

படாரென்று ஒரு சத்தம். கம்பி அறுந்த சத்தம் எனக்குத் தெரியும், இது அது இல்லை. கிட்டாரின் வயிற்றில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை அப்படியே பிய்ந்து, ஆறு கம்பிகளோடும் எகிறி வந்து, உன் அப்பா மூன்றாவது சுற்றுக்குத் தயாராக வைத்திருந்த தேநீர்க் கெண்டியில் மோதி அதைக் கவிழ்த்தது. உன் அப்பா நனைந்த அங்கியோடு குனிந்து, தொங்கிய கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

“ஆறும் இருக்கு. ஒண்ணுகூட அறலடா!”

குலவை கிளம்பியது. கூடாரமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

“கிட்டாரே போச்சே!” என்றேன்.

“கிட்டாரைப் பத்தி நீ பேசவே இல்லையே. கம்பின்னுதானே சொன்னே?”

“மாமா, இது என்ன நியாயம்?”

“படிச்சவ நீ. பார்த்துப் பேசியிருக்கணும்.”

சரி, அவர் பெரியவர், விட்டுவிட்டேன். ஆனால் ஃபாதி என் காதருகே குனிந்து என்ன சொன்னாள் தெரியுமா? “கேள்வியில என்ன கேட்டிருக்கோ அதுக்கு மட்டும்தான் மார்க்குன்னு நீதானேம்மா வகுப்புல சொல்லுவ?”

“கல்யாணம் முழுக்கன்னு சொன்னேன். நாளைக்கும் இருக்கு” என்று சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன். கட்டையைத் தச்சர் பசையால் ஒட்டி, அதே கம்பிகளை மாட்டி, மோட்டார் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி, யாரும் கைவைக்கக் கூடாது என்று கிட்டாரை என் வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். நான்தான் நீதிபதியாம். ஆகவே மச்சான், உன்னிடம் நான் வேண்டுவது இதுதான்: அந்தக் கம்பி இந்த ஊருக்கானது இல்லை, இந்தப் பந்தயம் செல்லாது என்று உன் கைப்பட உன் அப்பாவுக்கு எழுது. இனி ஒரு முழக் கம்பிகூட இங்கே அனுப்பாதே. அனுப்பினால் உன் சிறுவயதுக் கதைகளை உன் மனைவிக்கு எழுதுவேன்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தம். உன் மனைவிக்கு, உன்னைக் கட்டிக்கொண்டதற்கான என் அனுதாபம். அல்லாஹ் உன் கால்களைச் சூடாக வைக்கட்டும்.

உன் அத்தை மகள்,
ராய்ஷா

பின்குறிப்பு, வெள்ளி மாலை: கடிதத்தைக் கொண்டுபோகிறவர் கிளம்பத் தாமதமானதால், இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். காலையில் பசை காய்ந்திருந்தது. டியூபை அவிழ்த்து, அது எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்று பார்க்க மெல்லிய கம்பியின் திருகைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பினேன். நேற்று கட்டை பிய்ந்தபோது மடிந்த இடத்தில் படீர் என்று அறுந்தது. நிமிர்ந்தால், பால் கிண்ணத்தோடு ஃபாதி வாசலில் நிற்கிறாள். எதற்கெடுத்தாலும் என்னோடு மல்லுக்கு நிற்கிறவள், “சரிம்மா. அறுந்துருச்சு. நீ சொன்னா சொன்னதுதான்” என்று பாலை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

அஸருக்குப் பின் அறுந்த கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனேன். “இதை அறுத்தது நான். அவன் கையில அறல. பொண்ணைத் தர்றேன்” என்றேன். அதிர்ச்சியில் அமஸ்தானின் முக்காடு நழுவி, முதல்முறையாக அவன் வாய் எனக்குத் தெரிந்தது. பல்லெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டு நான்கு பொட்டலம் அனுப்பு. உன் அப்பாவுக்கு ஒரு கெண்டியும்.

பிறகு அவன் ஐந்து கம்பியில் வாசித்தான். இரண்டாவது பாட்டில் இன்னொன்று அறுந்தது, அவன் கையிலேயே. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன்.