லிஃப்ட்காரர் நிறுத்திய லிஃப்ட்

மனைவியை மாடிப்படி ஏறவைத்தே தீருவதென்று ஒரு திங்கட்கிழமை காலை லிஃப்ட்காரர் முடிவெடுத்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இது அவர் எடுத்த மூன்றாவது முடிவு. முதல் இரண்டையும் மனைவியே எடுத்து அவர் கையில் கொடுத்திருந்தாள்.

காரணம் விளையாட்டில்லை. போன வருஷம் மனைவியின் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். சீக்கிரமே கண்டுபிடித்ததால் பிழைத்துக்கொண்டாள். நடையோ படியோ வீட்டு வேலையோ, தினமும் கொஞ்சம் மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்கிற பெண்களுக்கு இந்த நோய் வரும் அபாயம் குறைகிறது என்று டாக்டரம்மா தங்கைக்கும் சேர்த்தே சொல்லியனுப்பினார். தங்கையோ காலையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். மோட்டார் வைத்த மெஷின், மிதிக்கிற வேலைகூடக் கிடையாது. நாலாவது மாடியிலிருந்து பித்தான் வாங்கப் போவதென்றாலும் லிஃப்ட்தான். நடக்கச் சொன்னால், இந்தத் துணி முடியட்டும் என்பாள். என்றைக்குத் துணி முடிந்திருக்கிறது? அவள் இல்லாத வீட்டை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை.

சொல்ல வராத மனுஷன் லிஃப்டை நிறுத்தினார். அவர் பழுதுபார்க்கும் ஊர் லிஃப்டுகளோடு, குடியிருந்த கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. மொட்டைமாடி மெஷின் அறையில் மெயினை அணைத்தார், கீழே வந்து "பழுது" என்று பலகை மாட்டினார். கேட்டவர்களிடமெல்லாம் ஏதோ ஒரு பாகம் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்று அளந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மனைவி பதறவே இல்லை.

"லிஃப்ட் இல்லாம என்னால இறங்க முடியாதுங்க. நீங்களே போய்ப் பால் வாங்கிட்டு வந்துடுங்க."

வாங்கி வந்தார். பால் வந்ததும் அவளுக்கு நூல் ஞாபகம் வந்தது. நூல் வந்ததும் குப்பை. மறுநாள், வாடிக்கைக்காரி ஒருத்தி மேலே வரமாட்டேனென்று கீழேயே நின்றுவிட்டாள். தைத்த ரவிக்கையை அவர் கொண்டுபோய்க் கொடுத்தார். கை இறுக்கமென்று அவள் திருப்பித் தர, மறுபடி நாலு மாடி. ஒன்பதே நாளில் அவருடைய பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. அதையும் மனைவிதான் பிடித்துத் தைத்தாள், உட்கார்ந்த இடத்திலேயே.

பத்தாம் நாள் முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. மானத்தைக் காற்றில் விட்டு, பதினொரு மணிக்கே வேலையிலிருந்து திரும்பி, நேரே மொட்டைமாடிக்கு ஏறி மெயினைப் போட்டார். ஆசை தீர லிஃப்டிலேயே கீழே இறங்கினார். கதவு திறந்தது. எதிரே படிக்கட்டில் அந்தக் கட்டடத்துப் பெண்கள் ஏழு பேர் வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவள் அவர் மனைவி.

"நீ எப்படி இங்க?"

"தினமும் நீங்க வேலைக்குப் போனதும் ஆறு சுத்து ஏறி இறங்குறோம். எந்த லிஃப்ட் நின்னாலும் ஒரு மணி நேரத்துல ஓட வைக்கிற ஆளு, சொந்த வீட்டு லிஃப்டை எட்டிக்கூடப் பார்க்கலன்னா எனக்குத் தெரியாதா? பயந்துபோய்ப் பண்றீங்கன்னும் தெரிஞ்சுச்சு." குரல் கொஞ்சம் தணிந்தது. "டாக்டரம்மாவையும் பார்த்தேன். நடந்தா அபாயம் குறையும், வரவே வராதுன்னு சொல்ல முடியாதாம். அதனால பரிசோதனையும் பண்ணிக்கிட்டேன். ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் நெஞ்சை அழுத்தியது இறங்கியதும், பட்ட பாடு மட்டும் மிச்சமாக நின்றது.

"அப்புறம் எதுக்கு என்னை அந்தப் பாடு படுத்தினே?"

"எனக்கு மட்டும் பயம் இருக்காதா? நாள் பூரா லிஃப்டுல போற மனுஷனோட தொப்பையைப் பத்தியும் அவங்ககிட்ட கேட்டேன்" என்றாள் அவள். "கடைசிச் சுத்து பாக்கி இருக்கு. வாங்க."

மறுக்க வழியில்லாமல் ஏறினார். மூன்றாவது மாடி வருவதற்குள் ஏழு பேரும் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். கடைசியாகத் தாண்டிய முதல் மாடி அம்மாவுக்கு எழுபது வயது. வேகமாக ஏற இடைஞ்சலாக இருக்கிறதென்று தன் காய்கறிப் பையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.