கௌபோயும் ஈஸ்ட் ஹாம் நாயும்

ஒரு மனிதனிடம் "உங்களுக்கு நல்ல குரல்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அதன்பிறகு அவனைச் சுற்றியிருப்பவர்களுக்கு நிம்மதி கிடையாது. எனக்கு அதைச் சொன்னவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் நண்பர்களுடன் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தேன். விருந்துக்குச் சோறு கறி ஓடர் கொடுக்க யாருக்கோ அழைத்த ஓர் அம்மா, இலக்கம் தவறி எங்கள் வீட்டுக்கு அழைத்துவிட்டார். இது வேறு வீடு என்று நான் விளக்கிச் சொன்னதும், "தம்பி, உமக்கு ரேடியோக் குரல்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் தன் சாப்பாட்டைத் தேடிப் போனார். நான் கெட்டுப்போனேன்.

அன்றிலிருந்து நான் வேலைசெய்த பெற்றோல் நிலையத்தில் "அடுத்தவர் வரலாம்" என்பதைக்கூட அடிவயிற்றிலிருந்து சொல்லத் தொடங்கினேன். (சிகரெட் வாங்க வந்த ஒரு கிழவர் திடுக்கிட்டு, வாங்காமலே போய்விட்டார். அவருடைய ஆயுளைக் கூட்டினேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.)

அப்போது ஈஸ்ட் ஹாமில், ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே, சிறிய தமிழ் வானொலி ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அங்கே நேரடி நாடகம் போடுவார்கள். நான் போய் நின்றேன். அதை நடத்திய குகன் என் வயதுக்காரன், யார் வந்தாலும் விரட்டாதவன். புதிதாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டான். கௌபோய் நாடகம் என்றேன்.

பொய்யில்லை. பழைய சாமான் சந்தையில் நான் வாங்கிய ஓர் ஒலிநாடாவில் அமெரிக்க வானொலி நாடகம் ஒன்று இருந்தது. ஊரோடு கோபித்துக்கொண்டு குதிரையில் தனியே போகிற ஒருவன். அவன் மூட்டிய நெருப்படிக்கு எங்கிருந்தோ ஒரு தெருநாய் வருகிறது. அவன் துரத்துகிறான். அது போவதில்லை. கடைசியில் ஒரு கொள்ளைக்காரன் துப்பாக்கியோடு வந்து நிற்க, நாய் பாய்ந்து கௌபோயைக் காப்பாற்றுகிறது. அதில் வருகிறவர்கள் எல்லோரும் வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுவதுபோலப் பேசியதால் பாதிக்குமேல் எனக்கு விளங்கவில்லை. விளங்காத இடங்களை எல்லாம் செந்தமிழால் நிரப்பினேன். "ஓ நாயே, ஏன் என் நிழலைத் தொடர்கிறாய்? நட்பென்னும் சொல்லை நான் நாவிலிருந்து நீக்கியவன் அல்லவா?" இப்படி. கௌபோய் வேடம் எனக்கு. கொள்ளைக்காரனாகத் தம்பிராசா அண்ணை. ஊரில் நாட்டுக்கூத்தில் அரசனாக ஆடியவர். எழுதியதில் ஓர் எழுத்தையும் விடமாட்டார், எழுதாததில் ஓர் எழுத்தையும் சேர்க்கமாட்டார்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த நாட்களில்தான் எனக்குக் கலியாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. என் பெரியம்மாவின் மகள் புஷ்பமக்கா, லூயிஷாமில் வதனி என்ற பெண்ணைப் பார்த்திருந்தார். படத்தைப் பார்த்த எனக்குப் பிடித்துவிட்டது, மிகவும். தகப்பன்தான் பிடிகொடுக்கவில்லை. மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர், முன்பு தமிழ் ஆசிரியராக இருந்தவர். அவரிடம் புஷ்பமக்கா, பொடியன் இந்த ஞாயிறு ரேடியோவில் கதாநாயகனாக வருகிறான், கேட்டுப் பாருங்கள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். சரி, தமிழைக் கேட்டால் ஆளைத் தெரியும் என்றாராம் அவர். அன்று லூயிஷாமில் சொந்தக்காரர் எல்லோரும் அவர் வீட்டு முன்னறையில் ரேடியோவைச் சுற்றிக் கூடுவதாக ஏற்பாடு.

ஞாயிறு வந்தது. எங்கள் ஒலிப்பதிவு அறை என்பது சுவர் முழுவதும் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்த ஒரு படுக்கையறை. தேங்காய்ச் சிரட்டையால் குதிரைக் குளம்பொலி எழுப்பக் குகனின் மச்சான் தரையில் தயாராக இருந்தான். நாய் குரைப்பதற்கு ஓர் ஒலிநாடா வைத்திருந்தோம். நாடகம் தொடங்குவதற்குச் சற்று முன்னர், இயந்திரம் அந்த நாடாவை இழுத்து இடியப்பம் ஆக்கிவிட்டது.

தம்பிராசா அண்ணையைக் குரைத்துப் பார்க்கச் சொன்னோம். மரியாதைக்காகக் குரைத்தார். கோயில் தலைவர் கூட்டத்தைத் தொடங்குமுன் தொண்டையைச் செருமுவது போலிருந்தது. அப்போதுதான் குகனுக்குக் கீழே கடையின் பின்முற்றம் நினைவுக்கு வந்தது. லண்டனில் தெருநாயைக் காண்பது அரிது. ஆனால் அந்த முற்றத்துக்கு, கழுத்துப்பட்டி இல்லாத, ஒரு காது மடிந்த, மண்ணிற நாய் ஒன்று மட்டன் றோல்ஸ் தின்ன வந்துபோகும். றோல்ஸைக் காட்டிவிட்டுக் கொடுக்காமல் இருந்தால் குரைக்கும் என்று கடைக்காரர் சொன்னார். நாயையும் சூடான ஒரு றோல்ஸையும் மேலே கொண்டுவந்தோம்.

முதற்பாதி, நானே சொல்லக்கூடாது, அற்புதம். நான் றோல்ஸை உயர்த்தினால் குரைத்தது. மறைத்தால் ஏக்கத்தோடு முனகியது. அப்படி ஒரு முனகலை எந்த நடிகனும் தரமுடியாது. குளம்பொலி, காற்று, என் குரல். லூயிஷாமில் அந்தத் தமிழாசிரியர் கண்கலங்குவதை மனக்கண்ணால் பார்த்தேன். பார்த்த பூரிப்பில், இரண்டு கையாலும் தாளைப் பிடித்து உச்சக்கட்டத்தை வாசிப்பதற்காக, றோல்ஸை என் களிசானின், அதாவது காற்சட்டையின், பின்பொக்கற்றுக்குள் வைத்தேன்.

"ஓ நாயே" என்று தொடங்கினேன். அதற்குமேல் செந்தமிழ் வரவில்லை. நாய் பின்னால் பாய்ந்து பொக்கற்றைக் கவ்விவிட்டது. நான் முன்னால் இழுத்தேன், அது பின்னால் இழுத்தது. தாள்கள் பறந்தன. ஒலிவாங்கியோடு சேர்ந்து விழுந்தேன். விழுந்தும் அது என் வாய்க்கு நேரேதான் கிடந்தது.

"ஐயோ, விடு. களிசானை விடு. சனியனே, களிசானை விடு."

பிரித்தானியத் தமிழர் வானொலியில் கேட்ட முதல் கௌபோயின் இறுதி வசனம் அது.

யாராவது நிறுத்துவார்கள் என்று பார்த்தேன். தம்பிராசா அண்ணை தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தன் முறை வந்துவிட்டது என்று நினைத்து, "இந்தப் பாலைவனத்தில் உன் கூக்குரல் யார் காதிலும் விழாது" என்று கம்பீரமாக முழங்கினார். (நாட்டில் பாதிப்பேர் காதில் விழுந்துகொண்டிருந்தது.) குதிரையை நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் மச்சான் சிரட்டையை இன்னும் வேகமாகத் தட்டினான். துணி கிழிகிற சத்தம் நீளமாக, தெளிவாகக் கேட்டது. குகன் சிரிப்பில் கண் தெரியாமல் கைக்கு வந்த பொத்தானை அழுத்த, ஒரு புடவைக் கடையின் விளம்பரம் ஒலித்தது. உங்கள் குடும்பத்தின் ஆடைத் தேவைகள் அனைத்துக்கும் எங்களிடமே வாருங்கள் என்று ஒரு பெண் இனிமையாக அழைத்தார்.

தொலைபேசி அடிக்கத் தொடங்கி நிற்கவே இல்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி, நாய்க்கு அடி ஏதும் பட்டதா என்பது. கதாநாயகனைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. கடைசியாகப் புஷ்பமக்கா அழைத்தார். அவர் குரலில் இழவு வீட்டின் சாயல். "அந்த மனுசன் பாதியிலேயே ரேடியோவை நிப்பாட்டிப்போட்டு அறைக்குள்ளை போயிட்டாராம். நான் இனி அந்தப் பக்கம் தலைகாட்ட ஏலாது."

குகனின் கோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் வீடு திரும்பினேன். நாய் ஸ்டேஷன் வாசல்வரை பின்னால் வந்தது. எனக்கு அதன்மேல் கோபம்கூட வரவில்லை. என் பேச்சை அன்று உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தது அது மட்டும்தான் என்று தோன்றியது. (றோல்ஸுக்காகத்தான், தெரியும்.)

மறுநாள் மாலை வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல்.

"நான் வதனி கதைக்கிறன். அப்பா கேக்கச் சொன்னவர், நாய் எப்பிடி இருக்கு?"

நாய் சுகம் என்றேன். அடிவயிற்றிலிருந்து அல்ல.

"களிசான்?"

"அது பிழைக்கேல்லை."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு நிதானமாகச் சொன்னாள். "அப்பா கோவத்திலை நிப்பாட்டேல்லை. சிரிச்சுச் சிரிச்சு மூச்செடுக்க ஏலாமல் போச்சு. அதுதான் உள்ளை போனவர். அம்மா போனாப்பிறகு நாங்கள் அவர் சிரிச்சுப் பாக்கேல்லை." அதோடு, "ஞாயிறு வீட்டை வாங்கோ. நாயையும் கொண்டுவரட்டாம்" என்றாள்.

கொண்டுபோனேன். நாயும் நானும் குளித்துவிட்டுப் போனோம். வதனியின் தகப்பன், அதாவது மாமா, என்னை இருக்கச் சொல்லிவிட்டு, நாயோடு நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தார். புறப்படும்போது அது அவர் காலடியை விட்டு எழும்பவில்லை. நான் கூப்பிட்டுப் பார்த்தேன். மடியாத காதைக்கூட அசைக்கவில்லை. உம்முடைய செந்தமிழ் படு மோசம் தம்பி, ஆனால் விழுந்தபிறகு கதைத்த தமிழ் நல்ல தமிழ் என்றார் மாமா. அதுதான் சம்மதம் என்று வதனி பிறகு மொழிபெயர்த்துச் சொன்னாள். நாய் லூயிஷாமிலேயே தங்கியது. அதை நடத்திக்கொண்டு போகும் சாக்கில் மாமா தெருவில் போவோர் வருவோரோடு எல்லாம் கதைக்கத் தொடங்கினார். தான் இருக்கும்வரை அதற்கு றோல்ஸைக் காட்டிவிட்டுக் கொடுக்காமல் விட்டதில்லை.

எனக்குத்தான் விடுதலை இல்லை. எங்கள் வீட்டில் நான் எந்த விசேஷத்தில் பேச எழுந்தாலும், குரலைச் சற்றுக் கனமாக்கினால் போதும், பின்னாலிருந்து யாராவது மெதுவாகச் சொல்வார்கள், "களிசானை விடு." லண்டனில் பிறந்து ஆங்கிலத்திலேயே வளர்ந்த என் மகளுக்கு, யாழ்ப்பாண உச்சரிப்பில் பிசகாமல் சொல்லவரும் ஒரே தமிழ் வசனம் அதுதான்.

போன வருடம் அவள் தான் விரும்பிய பையனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். மான்செஸ்டர் பக்கத்து வெள்ளைக்காரப் பிள்ளை, நல்ல உயரம், பயத்தில் காது இரண்டும் சிவந்திருந்தன. பெரியவர்களைத் தமிழில் மரியாதையாக வணங்குவது எப்படி என்று அவளிடமே கேட்டுப் பாடமாக்கி வந்திருக்கிறான். என் முன்னால் வந்து, கைகூப்பி, தலைதாழ்த்தி, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான்.

"களிசானை விடுங்கோ, அங்கிள்."

வதனி சமையலறைக்குள் ஓடிவிட்டாள். நான் எழுந்து அவன் கையைப் பிடித்து, விடுறன் தம்பி, இருங்கோ என்றேன்.