மேசை யாருக்கு

மனைவியைச் சந்தேகிப்பது பாவம்தான். ஆனால் கொம்பியூட்டர் தானாகக் கெட்டுப்போனது என்று நம்புவது மடத்தனம். அன்று காலை நான் பாவத்தைத் தேர்ந்துகொண்டேன்.

கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். ஏற்றுக்கொண்டது. திரை கறுத்தது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடியும் கடவுச்சொல் கேட்டது. எத்தனை தடவை கொடுத்தாலும் வாசல்வரை கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பியது. மாமியார் வீட்டில்கூட எனக்கு இப்படி நடந்ததில்லை.

அது லினக்ஸ். வெளியார் யாரும் உளவு பார்க்க முடியாது என்று கேள்விப்பட்டு நானே போட்டது. வெளியார் வர முடியாதென்றால் கெடுத்தவர் வீட்டுக்குள்தான் இருக்கவேண்டும். வீட்டுக்குள் இருப்பது நானும் றுஷ்னாவும். நான் கெடுக்கவில்லை.

காரணமும் அவளிடம் இருந்தது. கொம்பியூட்டர் இருக்கும் தேக்கு மேசையில் முன்பு அவளுடைய தையல் மெசின்தான் இருந்தது. இப்போது மெசின் குசினி மூலையில், கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில். கறுப்பு ஹபாயா அங்கி தைக்கக் கொடுத்தவர்கள் வாங்கும்போது மோந்து பார்க்கிறார்களாம்.

"றுஷ்னா, நீ கொம்பியூட்டர தொட்டியா?"

"நான் ஏன் தொடுறன்?"

"தூசி தட்டினியா?"

"தட்டக்கூடாது எண்டு நீங்கதானே சொன்னீங்க."

"அப்ப ஏன் சிரிக்கிற?"

"சிரிக்கல்ல. பல்லுல நூல் இரிக்கு."

சந்தேகம் கூடியது. திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து வீட்டு உம்மு குல்சூம் மாமி வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். சாட்சி வந்ததும் றுஷ்னாவின் குரல் இனித்தது.

"இஞ்ச பாருங்க. நான் கெடுத்தது எண்டு காட்டுங்க, இனி மேசை எண்ட பேச்சே எடுக்க மாட்டன். நீங்க கெடுத்தது எண்டா மேசை எனக்கு. சரியா?"

"சரி."

"கேட்டீங்கதானே மாமி?"

"கேட்டன் மகள்."

பாலாவிச் சந்தியில் கடை வைத்து ஃபோன், கொம்பியூட்டர் எல்லாம் திருத்தும் அஃப்ராஸை அழைத்தேன். றுஷ்னாவின் சாச்சா மகன், அவளை ராத்தா என்று கூப்பிடும் தம்பி. இருந்தாலும் நல்லவன். றுஷ்னா ஃபோனை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மேசையில் வைத்தாள்.

"மச்சான், கொன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூணு. மூணையும் சேத்து அமத்துங்க."

அமத்தினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. பெயரும் கடவுச்சொல்லும் அடித்தேன். உள்ளே விட்டது.

"இப்ப டீ, எஃப் எண்டு அடிங்க. எவ்வளவு நிறைஞ்சிருக்கு எண்டு காட்டும்."

"நூத்துக்கு நூறு," என்றேன் பெருமையாக.

"அதான் பிழை, மச்சான். டிஸ்க் நிறைஞ்சிட்டு. நீங்க உள்ள வந்தா, வந்தீங்க எண்டு குறிச்சி வைக்கக்கூட அதுக்கு இடமில்ல. அதான் திருப்பி அனுப்புது. எது பெரிசா இரிக்கு எண்டு பாருங்க."

பார்த்தேன். றுஷ்னாவும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். 'காவல்' என்ற என் சொந்தக் கோப்புறை.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அலுமாரி மேலிருந்த பிளாஸ்டிக் பூவுக்குள் ஒரு சின்னக் கெமராவை ஒளித்து, மேசையைப் பார்க்க வைத்திருந்தேன். நான் மாம்புரியில் வெங்காயத் தோட்டத்தில் நிற்கும்போது அது காவல் இருக்கும். முன்னால் ஏதாவது அசைந்தால் மட்டும் படம் பிடிக்கும். வாங்கியது அஃப்ராஸிடம்தான். சொந்தக்காரன் கடை இருக்க வேறு கடைக்குப் போனால் ஊரில் கதை வரும். ஒருத்தருக்கும் சொல்லாதே என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

"காவல் எண்டா என்ன?" றுஷ்னா கேட்டாள்.

"தோட்டத்து விசயம்."

"வெங்காயத்துக்கா காவல்?" என்றார் மாமி.

அஃப்ராஸ் சொன்னபடி பழையதையெல்லாம் அழித்தேன். கடைசி நாளை மட்டும் விட்டுவைத்தேன். ஆதாரம் வேண்டுமே. கொம்பியூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன். திரை முழுதாக மலர்ந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வெற்றி தலைக்கேறிவிட்டது. மாமியையும் உள்ளே கூப்பிட்டு, கெமரா வைத்ததைச் சொல்லி, படத்தை ஓடவிட்டேன்.

தலையில்லாத, காலில்லாத ஒரு கறுப்பு உருவம் மேசைக்கு மேலே ஆடியது. ஓட்டிப் பார்த்தேன். காலையிலும் ஆடியது. பகலிலும் ஆடியது.

"ஜின்," என்றேன்.

"எண்ட ஹபாயா," என்றார் மாமி.

"தைச்சு மேசைக்கு மேல இந்த ஜன்னல்ல கொழுவினது," என்றாள் றுஷ்னா. "கருவாட்டு வாசம் போகணுமே."

கச்சான் காத்துக் காலம். ஹபாயா நாள் முழுக்க ஆடியிருக்கிறது; கெமரா நாள் முழுக்கப் பிடித்திருக்கிறது. றுஷ்னாவின் விரல்கூட மேசையில் படவில்லை.

"நான் தொட்டனா?"

"இல்ல."

"கெமரா வெச்சது யாரு?"

"நான்."

"நிறைச்சது?"

"கெமராதான்," என்று எனக்குப் பதிலாக மாமி தீர்ப்புச் சொன்னார்.

கொம்பியூட்டரைக் குசினிக்கு நானே தூக்கிப்போனேன். மெசினையும் நானே தூக்கிவந்து மேசையில் வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன், ஃபோன் இன்னும் துண்டிக்கப்படவில்லை.

"மச்சான், மெசின மேசைல வெச்சாச்சா?"

"வெச்சாச்சு."

"அப்ப ராத்தாட்ட சொல்லுங்க, நான் திறக்கச் சொன்ன ஜன்னல இனி மூடலாம் எண்டு."